கைவேலையும் காரணமும்: மோட்டார் பொறியியல் சொல்லித்தரும் வீடியோத் தொடர்கள்

வண்டி இல்லாத வீடு இன்று நம்மிடையே குறைவு. காருக்கு வசதி இல்லாவிட்டாலும் வாசலில் ஒரு ஸ்கூட்டராவது நிற்கும். ஓட்டத் தெரிந்தவர்களும் நிறைய. "இது எப்படி ஓடுது?" என்று குழந்தை கேட்டால் மட்டும் "பெட்ரோல் ஊத்தினா ஓடுது, போ" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அந்தக் குழந்தை சும்மா போய்விடுவதில்லை. கைபேசியைத் திறக்கிறது. டர்போ என்றால் என்ன, கிளட்ச் ஏன் தேய்கிறது, மின்சாரக் காருக்கு கியர் ஏன் இல்லை என்று வரிசையாக விளக்கும் வீடியோக்களைப் பார்க்கிறது. நாமோ, "எப்பப் பாரு போனு!" என்று சத்தம் போடுகிறோம். சத்தம் போடும் முன்பு அதற்குள் என்ன இருக்கிறது என்று பெற்றோரும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். அதற்குள் ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. சில குழிகளும் இருக்கின்றன. இரண்டையும் எடுத்துச் சொல்வதும், தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலில் வழங்கிய இரண்டு மொழிகள்

நம் ஊரின் கதையிலிருந்தே தொடங்குவது பொருத்தம். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலார் தங்கவயலில் கால் வைத்தது. பூமிக்குள் இறங்கிப் பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த நம்மவர்கள். மேலே வரைபடத்தை விரித்து வைத்துக் கணக்குப் போட்டவர்கள் ஐரோப்பியர்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்து மின்சாரம் வந்தபோதும் ஏற்பாடு மாறவில்லை. வேலை தமிழில் நடந்தது. அந்த வேலைக்கான காரணம் ஆங்கிலத்தில் இருந்தது.

மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீப் சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கவும், காற்றழுத்த எந்திரத்தை ஓட்டவும், பம்பைப் பிரித்துப் பூட்டவும் தெரிந்தவர்கள் நம் தாத்தாக்கள். சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் போயிற்று என்று சொல்லும் ஆட்கள் எந்தப் பட்டறையிலும் இருப்பார்கள். அது உண்மையான அறிவு. ஆனால் அது கையில் இருந்தது, காதில் இருந்தது; தாளில் இல்லை. மேஸ்திரி செய்வதைப் பார்த்துப் பையன் செய்வான். "ஏன் இப்படி?" என்று கேட்டால், "செய்டா, தானா புரியும்" என்பதுதான் பதில்.

1964இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனம் தன் தங்கவயல் ஆலையில் புல்டோசர், எக்ஸ்கவேட்டர் போன்ற மண் அள்ளும் எந்திரங்களைச் செய்தது. நம் பிள்ளைகள் பலருக்கு அது இரண்டாவது பள்ளிக்கூடம். பிறகு 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் போனது மட்டுமல்ல, மேஸ்திரிக்குப் பக்கத்தில் நின்று வேலை பழகும் அந்த வரிசையும் அறுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போய் வருவது வாழ்க்கையாயிற்று. அப்பாவின் கைவேலை மகனுக்கு வரவில்லை. மகன் காலேஜில் படித்த காரணம் அப்பாவுக்குப் புரியவில்லை.

இப்படிப் பிரிந்து நின்ற கையையும் காரணத்தையும் மறுபடி சேர்த்து வைக்க நல்ல விளக்க வீடியோவால் முடியும். எப்படி என்று மூன்று பாடங்களை எடுத்துப் பார்ப்போம்.

முதல் பாடம்: முக்கில் திரும்பும் வண்டி

விளக்கப் படம் என்பது இணையத்தோடு பிறந்ததல்ல. 1937இல் அமெரிக்காவில் செவ்ரோலே கம்பெனிக்காக ஜாம் ஹாண்டி நிறுவனம் எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் படம் உண்டு. சில நிமிடங்களில் ஓடி முடியும் படம். டிபரன்ஷியல் எப்படி வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். 2005இல் யூட்யூப் வந்தபின் அந்தப் பழைய படம் உலகமெங்கும் பார்க்கப்பட்டது. இன்றைக்கும் அதைவிடத் தெளிவாக விளக்கியவர்கள் குறைவு.

காரணம், அந்தப் படம் பல்சக்கரத்தில் தொடங்குவதில்லை, கேள்வியில் தொடங்குகிறது. வரிசையாகப் போகும் மோட்டார் சைக்கிள்கள் வட்டமாகத் திரும்பும்போது வெளியே இருப்பவர் வேகமாகப் போகவேண்டும், உள்ளே இருப்பவர் மெதுவாகப் போகவேண்டும் என்று முதலில் காட்டுகிறது. சுதந்திர தின அணிவகுப்பில் நம் பிள்ளைகள் வரிசை கலையாமல் திரும்புவதும் இதே கதைதான். மூலையில் நிற்பவன் நின்ற இடத்திலேயே மிதிப்பான். ஓரத்தில் இருப்பவன் ஓட்டமும் நடையுமாக வருவான்.

கணக்காகவும் பார்க்கலாம். காரின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராபர்ட்சன்பேட்டையின் ஒரு குறுக்குத் தெருவில் செங்கோணமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 2.4 மீட்டர் அதிகம் உருள வேண்டும். சாதாரணக் கார் டயருக்கு இது ஒன்றேகால் சுற்றுக்கு மேல். இரண்டு சக்கரமும் ஒரே இருசில் இறுகிக் கிடந்தால் ஒரு டயர் தரையில் தேய்ந்துகொண்டுதான் திரும்ப முடியும்.

மாட்டு வண்டிக்கு இந்தச் சங்கடமே இல்லை. இருசு அசையாமல் கிடக்கும். இரண்டு சக்கரமும் தனித்தனியாக அதன்மேல் சுற்றும். கழன்று போகாமல் கடையாணி பிடித்துக்கொள்ளும். இந்தச் சிறிய ஆணியைத்தான் வள்ளுவர் வினைத்திட்பம் அதிகாரத்தில் உவமையாக வைத்தார். மாட்டு வண்டியில் சக்கரத்தை யாரும் சுழற்றுவதில்லை, மாடு இழுக்கிறது. காரில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றியாக வேண்டும். அதே சமயம் இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விட்டாகவும் வேண்டும். தொல்லை இங்கேதான் பிறக்கிறது.

டிபரன்ஷியல் இதைத் தீர்க்கிறது. இரண்டு பக்கத்து அச்சு முனையிலும் ஒரு பல்சக்கரம். நடுவில் இரண்டையும் தொட்டுக்கொண்டு சின்னப் பினியன்கள். கிரவுன் சக்கரம் இந்தப் பினியன்களைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. நேர்ப்பாதையில் பினியன் தன்னைத்தானே சுற்றாது. இரண்டு தோளிலும் கை போட்டுத் தள்ளுகிற மாதிரி இரு பக்கத்தையும் சமமாகத் தள்ளும். வளைவில் ஒரு பக்கம் மெதுவானால், பினியன் தானும் சுழன்று, அங்கே குறைந்த சுற்றை மறு பக்கத்தில் கூட்டிக் கொடுத்துவிடும். 1827ஆம் ஆண்டு வாக்கிலேயே பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக இந்த அமைப்பைக் கொண்டுவந்தார்.

இது புரிந்தவனுக்கு அடுத்த கேள்வி தானாக வரும். மழையில் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால், அது மட்டும் சர்ரென்று சுற்றுகிறது; காய்ந்த தரையில் நிற்கும் மறு சக்கரம் அசையாமல் நிற்கிறதே, ஏன்? டிபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சமமான பலத்தையே கொடுக்கும். சேற்றில் வழுக்கும் சக்கரம் கொஞ்சம் பலத்தைத்தான் தாங்கும். ஆகவே மறு பக்கத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால்தான் கரடுமுரடான பாதையில் போகும் ஜீப்புகளில் டிபரன்ஷியலைப் பூட்டிவிடும் வசதி வைக்கிறார்கள்.

பெமல் ஆலையைப் பார்த்தவர்கள் இன்னொன்றும் கேட்கலாம். டயரே இல்லாத செயின் புல்டோசர் எப்படித் திரும்புகிறது? பழைய வகைப் புல்டோசரில் ஒவ்வொரு பக்கச் செயினுக்கும் தனித்தனிக் கிளட்சும் பிரேக்கும் உண்டு. எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்தின் ஓட்டத்தை வெட்டிப் பிரேக் போட்டால் மறு பக்கம் ஓடி வண்டியைத் திருப்பிவிடும். அப்பா ஆலையில் வருஷக்கணக்காகப் பூட்டிய பாகமும், மகன் கைபேசியில் பார்க்கும் படமும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கம். அதை இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இரண்டாம் பாடம்: டார்க்கும் குதிரைச் சக்தியும்

கார்ப் பிரியர்கள் நடுவே ஓயாத சண்டை ஒன்று உண்டு. டார்க் பெரிதா, எச்.பி. பெரிதா? விளம்பரத் தாளில் இரண்டும் இருக்கும். வாங்குகிறவருக்கு இரண்டும் புரியாது. இதற்கு நம் சுரங்கக் கூண்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மெட்ரிக் கணக்கில், 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைச் சக்தி. ஆளுக்கு 75 கிலோ வீதம் பத்து ஆட்கள் ஏறிய கூண்டை எடுத்துக்கொள்வோம். கூண்டின் சொந்த எடை, கயிற்றின் எடை, உராய்வு எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எடை 750 கிலோ. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மேலே இழுத்தால் 10 குதிரைச் சக்தி வேண்டும். அதே கூண்டை விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் இழுத்தால் 100 குதிரைச் சக்தி வேண்டும்.

கயிற்றில் விழும் பாரம் இரண்டு நேரத்திலும் அதே 750 கிலோதான். கயிறு சுற்றும் உருளையை முறுக்கும் பலமும் அதேதான். அந்த முறுக்கும் பலமே டார்க். பாடப்புத்தகத்தில் இதைத் திருப்பு விசை, முறுக்கு விசை என்று எழுதுவார்கள். அந்த முறுக்கை எவ்வளவு வேகமாகத் தொடர்ந்து கொடுக்க முடிகிறது என்பது குதிரைச் சக்தி. கூண்டைத் தரையிலிருந்து கிளப்புமா என்பதை டார்க் சொல்லும். ஷிப்ட் முடிந்த ஆட்கள் எத்தனை நிமிஷத்தில் மேலே வந்து சேருவார்கள் என்பதைக் குதிரைச் சக்தி சொல்லும்.

கியரின் வேலையும் இங்கேயே விளங்கிவிடும். முதல் கியர் எஞ்சினின் முறுக்கைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்குத் தருகிறது. பதிலாக அதே மடங்கு வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. குதிரைச் சக்தியைக் கூட்டித்தரும் கியர் உலகத்தில் இல்லை. உராய்வில் கொஞ்சம் குறையுமே தவிரக் கூடாது. நாலு பேரும் மூட்டையும் ஏறிய வண்டி மேட்டில் திணறும்போது கீழ்க் கியருக்கு மாற்றுவது இதனால்தான். மேல் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் 'கடகட'வென்று அடிப்பதும் இதனால்தான்.

மின்சாரக் கார் சிக்னலில் பச்சை விழுந்ததும் பாய்வதன் ரகசியமும் இதிலேயே இருக்கிறது. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கைத் தரவல்லது. பெட்ரோல் எஞ்சினோ ஓரளவு சுற்றை எட்டினால்தான் தன் பலத்தைக் காட்டும். அதுவரை தாங்கிப் பிடிக்கக் கிளட்சும் கியரும் தேவை. மின்சாரக் கார்களில் பெரும்பாலும் ஒரே விகிதக் கியரோடு வேலை முடிந்துவிடுகிறது.

மூன்றாம் பாடம்: மலை இறக்கமும் உயிரும்

முதல் இரண்டும் அறிவுக்கு விருந்து. மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

"இறக்கத்துல நியூட்ரல்ல விடுப்பா, பெட்ரோல் மிச்சம்." இப்படிச் சொல்லாத பெரியவர் நம் வீடுகளில் உண்டா? சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுவார்கள். கார்புரேட்டர் இருந்த காலத்தில் மிச்சம் பிடிக்க இப்படிச் செய்ததற்கு ஒரு கணக்காவது இருந்தது. ஆபத்து அன்றும் இருந்தது.

இன்று அந்தக் கணக்கும் செல்லாது. இன்றைய வண்டிகளில் எரிபொருளைத் தெளிப்பது ஒரு சிறிய கம்ப்யூட்டர். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான இரு சக்கர வண்டிகளுக்கும் இம்முறையே வந்துவிட்டது. கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை, காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணைந்து போகாமலிருக்கக் கொஞ்சம் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்க நினைத்துச் செய்வது செலவாகவே முடிகிறது.

அது சில்லறைக் கணக்கு. பெரிய கணக்கு பிரேக்கில் இருக்கிறது. நம்மவர்கள் பிள்ளைகுட்டிகளோடு போய்வரும் ஏலகிரியை நினைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 500 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வைப்போம். அந்த உயரத்தில் இருந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 59 லட்சம் ஜூல் வருகிறது. சாதாரணச் சூட்டில் உள்ள 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. நியூட்ரலில் இறங்கினால், காற்றும் டயரும் பிடித்துக்கொள்ளும் கொஞ்சம் போக, மிச்சமெல்லாம் நாலு பிரேக்குகளின் தலையில் விழும். பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பு இழக்கும். பிரேக் திரவம் பழையதாகி ஈரம் கோத்திருந்தால் கொதித்துக் குமிழ் விடும். அப்போது மிதித்தால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

எஞ்சினை அணைத்தால் இன்னும் மோசம். பெட்ரோல் கார்களில் பொதுவாகப் பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடம் எஞ்சினிலிருந்து வருகிறது. அணைத்தபின் இரண்டு மூன்று மிதிக்கு மேல் அந்தத் துணை கிடைக்காது, ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியை முழுக்கத் திருப்பிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

ஆகவே ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்குவது பழைய லாரி டிரைவர்களின் வழக்கம். அவர்களுக்குக் கை தெரியும். ஏன் என்பதை இந்த வீடியோக்கள் சொல்கின்றன. மின்சாரக் காரில் இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாக மாறி வேகத்தைப் பிடித்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் இந்தப் பிடிப்பு குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"அப்படித்தான் செய்யணும்" என்று சொன்னால் பையன் கேட்பதில்லை. இருபது லிட்டர் தண்ணீர்க் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், கேட்பான். காரணம் தெரிந்த கை தப்பு செய்யத் தயங்கும்.

சொல்லித்தருபவர்கள் யார்?

இந்தத் துறையில் நம்பிப் பார்க்கத்தக்க சிலரை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் மெக்கானிகல் படித்த ஜேசன் ஃபென்ஸ்கி என்பவர் 2011இல் 'எஞ்சினியரிங் எக்ஸ்ப்ளெய்ண்ட்' தொடரைத் தொடங்கினார். ஒரு வெள்ளைப் பலகை, நாலு கலர் பேனா, கணக்கு, பெரும்பாலும் அவ்வளவுதான். யூட்டா மாநிலத்து வெபர் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கெல்லி, கலப்பின, மின்சாரக் கார்களின் கியர் பெட்டிகளை மேஜைமேல் வைத்துப் பிரித்துக் காட்டுவார். ஒரு நல்ல பட்டறை வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த சாபின் மாத்யூவின் 'லெசிக்ஸ்' படங்களில் எஞ்சினின் உள்ளே நடப்பதெல்லாம் கம்ப்யூட்டர் சித்திரமாகக் கண்முன் ஓடும்.

ஆழமாகப் போக விரும்பும் மாணவர்களுக்கு, ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம் இருக்கிறது. அதில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சங்கர் ராம் நடத்திய மோட்டார் வாகன அடிப்படைப் பாடம், பேராசிரியர் கிருஷ்ணகுமார் நடத்திய வாகன இயக்கவியல் பாடம் இரண்டும் காலேஜ் பீஸ் கட்டாமல் வீட்டிலிருந்தே கேட்கக் கூடியவை. தமிழில், பிரேமானந்த் சேதுராஜன் தொடங்கிய எல்.எம்.இ.எஸ். பொறியியலையும் அறிவியலையும் பேச்சுத் தமிழில் சொல்லிப் பெரிய கூட்டத்தைச் சேர்த்தது.

நமக்கு முன்னோடியும் உண்டு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு, 1945இல் தொழிற்பயிற்சிக் கல்லூரி கண்டவர். பொறியியலைக் குறைந்த காலத்தில், எந்திரத்தைக் கையில் கொடுத்துச் சொல்லித்தரலாம் என்று வாதாடியவர். அவர் கையில் இந்த வீடியோ வசதி இருந்திருந்தால் விட்டு வைத்திருப்பாரா?

காதில் விழும் தமிழ்

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு நன்மை இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், எழுதப் படிக்கத் தடுமாறுவார்கள். தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அலமாரியில் தூங்கும். இதனால் என்ன ஆகிறது? சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் தமிழ், யோசிப்பதற்கு வேறு மொழி என்று பிள்ளை மனசில் பிரிந்துபோகிறது. "தமிழ்ல சயின்ஸ் எல்லாம் வராதுப்பா" என்று பத்து வயதிலேயே முடிவு கட்டிவிடுகிறான்.

வீடியோவுக்கு எழுத்து தேவையில்லை. காது இருந்தால் போதும். கிளட்ச் பிளேட் பற்றி இருபது நிமிடம் தமிழில் கேட்டு, அது புரிந்தும் போனால், தமிழில் காரணம் சொல்ல முடியும் என்பது பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். சுரங்கத்தில் வேலைக்கு மட்டும் இருந்த நம் மொழி, இப்போது காரணத்துக்கும் வருகிறது.

இதற்குத் தூய சொல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. உராய்வு, அழுத்தம், விசை என்பவை பாடத்திலும் பேச்சிலும் பழகியவை, வைத்துக்கொள்வோம். கிளட்ச், பிஸ்டன், பேரிங் என்பவை பட்டறையில் நம் மேஸ்திரிகள் வழங்கிய சொற்கள், அவற்றையும் வைத்துக்கொள்வோம். இருசு, கடையாணி, ஆரக்கால் என்பவை மாட்டு வண்டியோடு நம்மிடம் இருந்தவை. உவமைக்காவது உயிர் கொடுப்போம். வாக்கியம் தமிழாக இருந்தால் சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

எச்சரிக்கை

பார்க்கிற எல்லாமே பாடம் ஆகாது. "மைலேஜ் இரண்டு மடங்கு" என்று காந்தத்தையும் மாத்திரையையும் விற்கும் வீடியோக்கள் உண்டு. சொல்பவர் காரணம் சொல்கிறாரா, கணக்குக் காட்டுகிறாரா, அளந்து பார்த்தாரா, கூடவே எதையாவது விற்கிறாரா என்ற நாலு கேள்வியில் பாதி தேறிவிடும். வண்டியோடு வந்த கையேடு ஒன்று சொல்லி, வீடியோ வேறொன்று சொன்னால், கையேட்டைத்தான் நம்ப வேண்டும்.

வீடியோ பார்த்த தைரியத்தில் தொடக்கூடாத இடங்களும் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக்கூடாது. ஸ்டாண்டு வைக்காமல் போகவே கூடாது. பிரேக் வேலையைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக்கூடாது. ஏர்பேக் பக்கம் கை வைக்கவே வேண்டாம். மின்சார, கலப்பினக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிளில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். வீட்டு மின்சாரத்தைவிட மோசமானது. அது பயிற்சி பெற்றவர்கள் வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. நீச்சல் வீடியோ பார்த்து நீந்த முடியாது. போல்ட்டை எவ்வளவு முறுக்கினால் போதும், எங்கே மரை வழுக்கிவிடும் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். காரணம் தெரிந்தும் கை பழகாவிட்டால் அது பாதிப் படிப்புதான்.

நாம் செய்யக்கூடியது

தங்கவயலில் கை பழகியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர்கள், கம்ப்ரசர் பார்த்தவர்கள், பெமலில் கியர் பெட்டி பூட்டியவர்கள். சுரங்கம் மூடிய அன்று முப்பது வயதில் இருந்தவர்கூட இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். மூத்தவர்களுக்கு எண்பது ஆகிறது. அவர்களின் அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு போய்விட்டால் போனதுதான்.

ஆகவே நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும். ஒரு பழைய கியர் பெட்டி, ஒரு டிபரன்ஷியல், ஒரு டிரம் பிரேக் ஆகியவற்றைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கலாம். ஒரு மூத்த மெக்கானிக், ஒரு என்ஜினியரிங் மாணவர், கேள்வி கேட்க ஒரு பத்து வயதுப் பிள்ளை. பெரியவர் பிரிக்கட்டும், மாணவர் காரணம் சொல்லட்டும், பிள்ளை "ஏன் தாத்தா?" என்று விடாமல் கேட்கட்டும். கைபேசியில் படம் பிடித்தாலே போதுமானது. தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று என்று எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பயன்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. அடுத்த முறை பிள்ளை வண்டி வீடியோ பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். முடிந்ததும், "இப்ப எனக்குத் தமிழ்ல சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். சொல்ல வந்தால் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். திக்கினால் இருவரும் சேர்ந்து இன்னொரு முறை பாருங்கள். பிறகு வாசலுக்குப் போய், நம் வீட்டு வண்டியில் அந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.